ஒட்டாவாவா, ஊர்ப்பக்கமா? நர்சிங் படிப்பும் மொழியும்

நீலகிரி மலையில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவருக்கு, பி.எஸ்சி. நர்சிங் இங்கே சேர்ந்தாலும் ஒட்டாவாவில் சேர்ந்தாலும் 4 ஆண்டுகள்தான். வேறுபாடு மொழியில் இருக்கிறது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகம் 1848-இல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே நர்சிங்கை ஆங்கிலத்தில் படிக்கலாம், பிரெஞ்சிலும் படிக்கலாம். வகுப்பு எந்த மொழியில் நடந்தாலும், மொழிப் பாடங்கள் தவிர, தேர்வை இவ்விரண்டில் விரும்பிய மொழியில் எழுத உரிமை உண்டு. அந்த உரிமையை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் கடல் கடந்து படிக்கும் செலவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

இங்கே பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். முதலாண்டு உடலியங்கியல் புத்தகமே பலரை மிரட்டிவிடுகிறது. வார்டிலோ படுகர் பாட்டி ஒருவர், பந்தலூரிலிருந்து வந்த மலையாளி ஒருவர் என அடுத்தடுத்த கட்டில்கள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போட்டாரா, பின்பு போட்டாரா என்று பாட்டியிடம் படுக மொழியில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் ஒட்டாவாவில் கிடைக்காது. மலையிலேயே வேலை பார்க்க நினைப்பவர் ஊர்ப்பக்கமே சேரட்டும். தமிழிலும் விடை எழுத அனுமதி வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.