அலுமாரிக் கதவும் யூக்கலிப்டஸ் ஸ்பிரேயும்: மூன்று ஆண்டு அனுபவம்

பண்டாரவளையில் கற்பிக்கும் தோழி ஒருவர், "பூஞ்சணத்துக்கு வீட்டிலேயே செய்கிறீர்களே, அந்த ஸ்பிரேயின் அளவுகளை எழுதி அனுப்புங்கள், டீச்சர்" என்று கேட்டிருந்தார். அதே வாரத்தில்தான் தச்சுவேலை பாஸ் எங்கள் அலுமாரிக் கதவைப் பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். கதவு பழுதாகக் காரணமே அந்த ஸ்பிரேதான் என்பதால், அளவுகளை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் ஹட்டனுக்கு அருகே, மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறோம். மே மாதத்தில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. அந்த மாதங்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் விடாமல் கடைசியில் அடுப்படிக்கே வந்துசேரும். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் ஏறும். 2022இல் சவர்க்காரம், தரை கழுவும் திரவம் என்று எதன் விலையும் கைக்கு எட்டாமல் போனபோது, வினாகிரியையும் யூக்கலிப்டஸ் தைலத்தையும் கொண்டு நானே செய்யத் தொடங்கினேன். அரை லீற்றர் போத்தலில் பாதி வினாகிரி, பாதி கொதித்தாறிய நீர், முப்பது சொட்டுத் தைலம்; செய்முறை அவ்வளவுதான். சுவரில் பூஞ்சணம் குறைந்தது, வீட்டில் முடங்கிக் கிடந்த ஈரவாடை போயிற்று, வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என்ன மணம் இது என்று கேட்டார்கள்.

தைலம் தண்ணீரில் கரையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. நன்றாகக் குலுக்கிவிட்டு அடித்தால் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மூன்று ஆண்டுகள் குலுக்கினேன். குலுக்கியதும் வெண்மையாகக் கலங்கும் நீர், ஒரு சுவரைத் துடைத்து முடிப்பதற்குள் தெளிந்துவிடும். தைலம் மேலே வந்து படலமாக மினுங்கிக்கொண்டு நிற்கும். ஸ்பிரேயின் உறிஞ்சு குழாயோ போத்தலின் அடிவரை இறங்கி, அடியில் இருப்பதைத்தான் எடுக்கிறது. ஆகவே நான் இத்தனை காலமும் சுவரில் அடித்ததில் பெரும்பகுதி வினாகிரித் தண்ணீர் மட்டுமே; தைலம் மேலேயே தங்கிவிட்டது. போத்தல் முழுதாகக் காலியாகும் முன்பே மீண்டும் வினாகிரி ஊற்றி, மீண்டும் முப்பது சொட்டு விடுவது என் வழக்கம். இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மில்லிலீற்றர் சேர்ந்திருக்கிறது. ஏழெட்டுத் தடவை நிரப்பியபின் அந்தப் படலம் ஒரு நெல்மணியின் தடிப்புக்கு வளர்ந்திருந்தது. கடந்த ஜூலையில் ஒருநாள், அந்தப் போத்தலை முதன்முறையாக அடிவரை அடித்து முடித்தேன். அடித்தது அம்மாவின் அலுமாரிக் கதவில்.

மறுநாள் காலையில் கதவைத் தொட்டபோது பொலிஷ் இளகிய வெல்லம் போல விரலில் ஒட்டியது. நான் துடைத்த துணியின் இழைகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. ஸ்டிக்கர் பசையை எடுக்க இதே தைலத்தை நானே பயன்படுத்தியிருக்கிறேன். பசையை இளக்குவது பொலிஷையும் இளக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் வாங்கிய அலுமாரி அது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

குறையை நீக்கப் பலவிதமாக முயன்றேன். தைலத்தை முதலில் 70 வீத ஸ்பிரிட்டில் கரைத்தால் தெளிவாகக் கரைகிறது. அதைத் தண்ணீரில் விட்டதும் மூடுபனி இறங்கியதுபோல் முழுவதும் பாலாக வெளுக்கிறது. பார்க்க மிக அழகான காட்சி அது. ஆனால் மறுநாள் பார்த்தால் சொட்டுகள் மீண்டும் மேலே வந்து நிற்கின்றன. சவர்க்காரக் கரைசலைச் சேர்த்தால் வினாகிரி அதைத் திரித்துவிடுகிறது. ஸ்பிரிட் கலந்ததைப் பற்றிச் சொன்னபோது பாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்: "டீச்சர், இதுக்கு அடிச்சிருக்கிறது ஷெல்லாக் பொலிஷ். ஸ்பிரிட் பட்டா எண்ணெயைவிட வேகமா கரைஞ்சிடும்." எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் பொலிசோபேட் போன்ற கலப்பிகள் இருக்கின்றன, அவற்றை வாங்கிச் சேர்ப்பதானால் தொழிற்சாலைத் திரவத்தையே வாங்கிவிடலாமே என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் சேராத இடங்களில் இதே எண்ணெய்கள் என்னை ஒருபோதும் கைவிட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கோப்பை அப்பச்சோடாவில் பத்துச் சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் விட்டு, கையால் நொறுக்கிக் கலந்து, துணியில் முடிந்து சப்பாத்துத் தட்டில் வைத்தால், பிள்ளைகளின் ஈரச் சப்பாத்து வாடை இரண்டு வாரத்துக்குத் தலைகாட்டாது. அட்டைக்கடிக்குச் செய்த எண்ணெய் அதைவிட மேல். அம்மாவின் காலத்தில் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். நான் 100 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் நாற்பது சொட்டுச் சிட்ரொனெல்லா எண்ணெய் கலக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், எங்கள் குளிருக்கு அகன்ற வாயுள்ள போத்தல்தான் சரி. விரலால் வழித்துப் பூசலாம். ஜூன் மாதத்து மழையிலும் தேயிலை மலைக் குறுக்குப்பாதையால் பாடசாலைக்கு நடந்துபோய், ஒரு அட்டைகூட ஏறாமல் திரும்பியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எந்தக் கடைச் சாமானும் எனக்குத் தந்ததில்லை.

தோழிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பண்டாரவளையில் ஜூலை மாதம் காற்றும் வெயிலுமான காலம். அங்கே எதை அடித்தாலும் சுவர் காய்ந்துவிடும். உங்களுக்குப் பெருமழை ஒக்டோபர் வாக்கில்தான் தொடங்கும், அதற்குமுன் இந்த ஸ்பிரேயின் குணம் தெரியவராது. எங்கள் சுவரில் பூஞ்சணத்தைக் குறைத்தது வினாகிரிதான் என்று இப்போது நினைக்கிறேன். அலுமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபின் உள்ளே இருந்த சேலைகளில் வாடை இல்லை. எதைச் செய்தாலும் வினாகிரியோடு பிளீச்சிங் தூளைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தைலப் போத்தலையும் சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் அது நஞ்சு.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் செய்த மூன்றில் இரண்டு நன்றாகவே உதவியிருக்கின்றன, மூன்றாவதும் சுவருக்கு நல்லதே செய்திருக்கிறது. இருந்தும் மேலே எழுதிய அளவுகளை, செய்து பாருங்கள் என்று சொல்லி நான் அனுப்பவில்லை. இந்த ஸ்பிரே வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பதுதான் இன்றைய என் பதில். பாஸ் எவ்வளவோ பார்த்துப் பார்த்துத்தான் நிறம் கலந்தார். ஆனாலும் இடதுபக்கக் கதவு இப்போது வலதுபக்கத்தைவிடச் சற்றுச் சிவந்தே நிற்கிறது. அம்மா சேலை எடுக்கும்போதெல்லாம் வலதுபக்கக் கதவை மட்டும் திறக்கிறார்.