நீலப் பம்பும் பழுப்புப் பம்புமா, ஒற்றைப் பம்பா?

எனக்கு இருப்பது 'லேசான' ஆஸ்துமா என்று பதினெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மாதத்தில் மூன்று நான்கு நாள் இளைக்கும். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீலப் பம்பை (இன்ஹேலர்) இரண்டு தடவை அடித்தால் அடங்கிவிடும். அந்தத் தைரியத்தில்தான் ஒரு தைப்பூசத்துக்குத் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறக் கிளம்பினேன். ஏற்கனவே சளி வேறு. கற்பூரப் புகையும் சேர்ந்துகொள்ள, பாதியில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. அன்றிரவு எமர்ஜென்சியில் மூன்று தடவை கேஸ் (நெபுலைசரில் வரும் மருந்துப் புகை) பிடித்து, ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோடு வீடு திரும்பினேன்.

அப்புறம் பிறை ஊர் அரசாங்கக் கிளினிக் டாக்டர் என் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, தினமும் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு உள்ள பழுப்புப் பம்பு, இளைத்தால் நீலப் பம்பு. இன்னொன்று, இரண்டு வேலையையும் செய்யும் ஒற்றைப் பம்பு. நான் ஒற்றைப் பம்பு எடுத்துக் கிட்டத்தட்ட இரண்டு வருஷமாகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 'லேசு' விவகாரம். முன்பெல்லாம் வாரத்துக்கு எத்தனை நாள் இளைக்கிறது, இரவில் எத்தனை தடவை விழிக்கிறோம் என்று கேட்டு லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரிப்பார்கள். இப்போது கணக்கே வேறு: நோயைக் கட்டுக்குள் வைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதுதான் அளவுகோல். குறைந்த மருந்தில் அடங்கினால் லேசு. அதிக அளவு ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தும் அடங்காவிட்டால் கடுமை, அதுவும் பம்பை ஒழுங்காக இழுக்கிறாரா, மறக்காமல் எடுக்கிறாரா என்றெல்லாம் பார்த்த பிறகுதான். ஆக, முதல் நாளே யாருக்கும் முத்திரை குத்த முடியாது. இரண்டு மூன்று மாதம் மருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய முறையில் என்னை ஏமாற்றியது அந்தப் பெயர்தான். ஆஸ்துமாவால் இறந்த பெரியவர்களை ஆராய்ந்தபோது, குறைந்தது 15 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வாரம் ஒரு தடவைகூட இளைக்காதவர்கள் என்று தெரிந்தது. அவர்களையும் 'லேசு' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். கடந்த நான்கு வாரத்தில், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இளைத்ததா? இளைப்பால் இரவில் ஒரு நாளாவது விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டதா? ஏதாவது வேலையை ஆஸ்துமாவால் தவிர்த்தீர்களா? நான்கிற்கும் 'இல்லை' என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்றிரண்டு 'ஆமாம்' என்றால் அரைகுறை. கிளினிக் போன அன்று எனக்கு இரண்டு 'ஆமாம்'.

நீலப் பம்பு மட்டும் என்ற மூன்றாவது வழி இப்போது இல்லை. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அது கூடாது என்று ஜீனா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. அது மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வருஷத்துக்கு மூன்று குப்பியைத் தொட்டாலே ஆபத்து ஏறுகிறது. என் மோட்டார் சீட்டுக்கு அடியில் ஐந்து காலிக் குப்பிகள் கிடந்தன.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான் என்பதால் எனக்கு விலை ஒரு பிரச்சினையாக இல்லை. வெளியே சொந்தக் காசில் வாங்குபவர்களுக்கு ஒற்றைப் பம்பு கடிக்கும். பக்கவிளைவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வாய்ப்புண், குரல் கம்மல். வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்: மறதி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. 'காலையும் இரவும்' என்று எழுதித் தந்தால் எனக்கு எது காலை? இதற்கு முன்பும் ஒரு தடவை பழுப்புப் பம்பு தந்திருந்தார்கள். நான்கு நாள் எடுத்தேன், உடம்பு நன்றாக இருந்தது, அதனாலேயே விட்டுவிட்டேன். நீலப் பம்பு மட்டும் எப்போதும் பையில் இருந்தது, ஏனென்றால் அது கைமேல் பலன் தருவது. நோய் தணிக்கும் பம்பு வீட்டில், மூச்சு திறக்கும் பம்பு கையில். ஆள் இப்படித்தான் என்று தெரிந்த பிறகு, கையில் இருக்கும் பம்பிலேயே ஸ்டீராய்டையும் வைத்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

ஒற்றைப் பம்பின் சூட்சுமம் அதுதான். எனக்குத் தந்தது சிம்பிகோர்ட் டர்புஹேலர், அதில் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கின்றன. ஃபார்மோடெரால் சில நிமிஷங்களில் மூச்சைத் திறந்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். ஒவ்வொரு தடவை இளைக்கும்போதும் புடெசோனைடும் கூடவே உள்ளே போகும். 2018இல் வெளியான சிக்மா 1 ஆய்வில், இதைத் தேவைப்பட்டபோது மட்டும் எடுத்தவர்களுக்கு, நீலப் பம்பு வகை மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல் 64 விழுக்காடு குறைவு. தினமும் புடெசோனைடு எடுத்தவர்கள் உள்ளே இழுத்த ஸ்டீராய்டில் ஆறில் ஒரு பங்கு அளவே இவர்களுக்குப் போயிருந்தது.

ஆனால் அதே ஆய்வில், அன்றாட இளைப்பைக் கட்டுப்படுத்துவதில் தினமும் எடுத்தவர்கள்தான் ஒரு படி மேலே இருந்தார்கள். என் மாமியார் அந்த ரகம். விடிந்ததும் சாமி கும்பிட்டு, பழுப்புப் பம்பு இழுத்து, கொப்பளித்துவிட்டுத்தான் காப்பி. ஒரு நாள் தவறியது கிடையாது. (உடனே சாம்பிராணி போட்டு வீடெல்லாம் புகையாக்குவார், அது வேறு கதை.) அப்படிப்பட்டவர்கள் மாற வேண்டிய அவசியமே இல்லை.

ஒற்றைப் பம்பில் நான் தடுக்கிய இடங்களும் உண்டு. இது பொடி. நீலப் பம்பு போல மெதுவாக இழுத்தால் உள்ளே போகாது, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்புக்குள் மூச்சை ஊதவும் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். பினாங்கின் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தாலே போச்சு. குலுக்கினால் சத்தம் வரும், மருந்து மிச்சம் இருக்கிறது என்று நானும் நம்பினேன். அது ஈரம் உறிஞ்சும் பொருளின் சத்தம்; ஜன்னலில் தெரியும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு இழுப்புக்கு மேல் கூடாது. இன்னொன்று, எல்லாக் கூட்டு மருந்துப் பம்பும் இப்படிப் பயன்படாது. சால்மெடெரால் கலந்த ஊதா நிறப் பம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், அவசரத்துக்கு ஆகாது.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. புகைமூட்டத்திலும் இதை நான் ஒரு வாரம்தான் சோதித்திருக்கிறேன். தாங்கியது, ஆனால் ஒரு வாரத்தை வைத்துப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு இரண்டு இழுப்பு, இளைத்தால் கூடுதலாக ஒன்று என்று போனது. இப்போது தேவைப்பட்டால் மட்டும், மாதத்துக்கு நான்கைந்து. போன தடவை டாக்டர் அட்டையில் மறுபடியும் 'லேசு' என்றே எழுதினார். அதே சொல்தான், இந்தத் தடவை அளந்து எழுதியது.

அடுத்த மாதம் தைப்பூசம். படியேறலாம் என்று சொல்லிவிட்டார். வேட்டியில் பம்பை எங்கே செருகுவது என்பதுதான் இப்போதைக்குக் கவலை.