ஊட்டி ஸ்டீபனா, சென்னை ஜார்ஜா?

ஊட்டியில் கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் கேட்பார்கள்: பழைய தேவாலயம் ஒன்றை ஊன்றிப் பார்க்க எங்கே போகலாம்? மைசூர் சாலை மேட்டில் நம்ம புனித ஸ்டீபன் ஆலயம்; கீழே இறங்கினால் சென்னை கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயம். இரண்டும் ராணுவ அதிகாரிகள் கைவண்ணம். இன்று இரண்டுமே தென்னிந்தியத் திருச்சபையின் கையில்.

பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் புதுச்செவ்வியல் பாணியைப் படிக்க ஜார்ஜ்தான். 1815-இல் கட்டியது. ராணுவப் பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல் வரைய, இன்னொரு ராணுவப் பொறியாளர் டி ஹாவிலாண்ட் எழுப்பினார். முகப்பில் தலை சுருண்ட அயோனிக் தூண்கள், அதன் பின்னே உயரும் கூர்கோபுரம். லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் சாயல். தூண்களைத் தொட்டுப் பாருங்கள், பளிங்கு என்றே நினைப்பீர்கள். செங்கல்மேல் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சாந்துதான் அது!

ஸ்டீபனுக்கு 1829-இல் கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் கேப்டன் அண்டர்வுட். 1830-இல் அர்ப்பணம். வெளியே வெளிர் மஞ்சள் பூச்சு, குட்டையான கோபுரம், அவ்வளவுதான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்தவை. தோற்ற மன்னனின் கூரை, ஜெயித்தவர்களின் ஜெப வீட்டில்! வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் உண்டு.

பாணி இலக்கணம் சென்னையில் சுத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் எனக்கு ஸ்டீபன்தான். அப்புறம், பின்னால் சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் படி வழுக்கும், நல்ல செருப்பு போட்டுப் போங்கள்.