பிசினசுக்குப் பங்காளி தேடித்தாற ஓஃபிஸ், யாழ்ப்பாணம்: எட்டு மாசத்துக்குப் பிறகு எழுதுறன்

கோண்டாவில்லை எனக்கு ஒரு தூள் மில் இருக்கு. மிளகாய்த்தூள், ஒடியல் மா, வறுத்த அரிசிமா, இந்த மூண்டும்தான். பதினொரு வருசமா நடத்துறன், ஆறு பொம்பிளைப் பிள்ளையள் வேலை செய்யினம். போன வருசம் ரொறன்ரோவிலை இருந்தும் லண்டனிலை இருந்தும் வந்த ஓடரைச் செய்து குடுக்க ஏலாமல் போட்டுது, ஏனெண்டால் நாங்கள் இன்னும் தாச்சியிலை கையாலைதான் வறுக்கிறம், ஒரு நாளைக்கு நாப்பது கிலோவுக்கு மேல போனால் பிள்ளையளுக்குக் கை ஏலாது, புகை வேற, நிறமும் ஒரே மாதிரி வராது. வறுக்கிற மெசினும் பைக்கட் பண்ணுற மெசினும் வேணும். லோன் எடுக்க எனக்கு மனமில்லை, சரக்கு போகாத மாசத்திலையும் கட்டுக்காசு கட்டத்தான் வேணும். அதாலை பங்குக்கு ஒராளைச் சேர்ப்பம் எண்டு யோசிச்சன்.

2018இலை ஒருக்கா சொந்தத்துக்குள்ளை ஒராளோடை பங்கு சேர்ந்து நாலு லட்சம் போட்டனான். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. ஒண்டரை வருசத்திலை அது குழம்பி, காசு திரும்பி வரேல்லை, கலியாணவீடு செத்தவீட்டிலை கூட முகம் பாக்கிறேல்லை எண்ட அளவுக்குப் போட்டுது. பேந்து ஒரு சட்டத்தரணியிட்டைப் போனால் அவர் சொல்லுறார், எங்கட நாட்டிலை 1840ஆம் ஆண்டிலை இருந்தே ஒரு சட்டம் இருக்காம், மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஆயிரம் ரூபாவுக்கு மேல முதல் போட்டுப் பங்கு வியாபாரம் தொடங்கிறதெண்டால் எழுத்திலை இருக்கோணும், கையெழுத்தும் இருக்கோணும். ஆயிரம் ரூபா! நான் நாலு லட்சம் போட்டிருக்கிறன். இதை எனக்கு முதலே ஆராவது சொல்லியிருந்தால் எண்டு இண்டைக்கும் மனம் எரியும்.

அதுக்குப் பிறகு முற்றவெளிப் பக்கம் தை மாசத்திலை நடக்கிற வர்த்தகக் கண்காட்சிக்கும் ரெண்டு முறை ஸ்ரோல் போட்டன். விசிட்டிங் காட் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தது, எல்லாரும் வடிவாக் கதைச்சவை, ஒரு மாசத்துக்குப் பிறகு ஒருதரும் ஃபோன் தூக்கேல்லை. அப்பதான் தெரிஞ்ச ஒரு அக்கா இந்த ஓஃபிஸைப் பற்றிச் சொன்னா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், மேல் மாடியிலை ரெண்டு அறை. ஒரு பெரியவர், ஒரு தங்கச்சி, ரெண்டு பேர்தான். நல்லதும் எழுதப்போறன், குறையும் எழுதப்போறன், அதாலை பேர் போடேல்லை.

பதிவுக் கட்டணம் 35,000. அது கொஞ்சம் கூடத்தான் எண்டு முதல் நினைச்சன். முதல் நாள் அந்தத் தங்கச்சி என்னை ரெண்டரை மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டா. முதல் கேள்வியே, "அக்கா, உங்களுக்குக் காசு வேணுமோ, ஆள் வேணுமோ?" ரெண்டும் ஒண்டுதானே எண்டன். இல்லையாம். காசு மட்டும் வேணுமெண்டால் முகம் தெரியாத ஆளெண்டாலும் பரவாயில்லை, வருசத்துக்கு ஒருக்காக் கணக்குக் காட்டினால் போதும், ஆனால் மிளகாய் ஒழுங்கா வந்து சேரோணும், வெளிநாட்டுக் கடையளோடை கதைக்கோணும் எண்டால் கூட நிண்டு வேலை செய்யிற ஆள் வேணும், அந்த ஆளிட்டைப் பெரிய காசு இருக்காது எண்டா. எனக்கு உண்மையிலை வேலை நிண்டு போற பிரச்சினை எது எண்டு எழுதிப் பாக்கச் சொன்னா. வீட்டை வந்து எழுதிப் பாத்தால், போன வருசம் ஓடர் பிழைச்ச அஞ்சு தடவையிலை மூண்டு தடவை மெசின் இல்லாததாலை இல்லை, நல்ல செத்தல் மிளகாய் கிடைக்காததாலை! பதினொரு வருசம் மில் நடத்திற எனக்கே இது அண்டைக்குத்தான் விளங்கிச்சு. இந்த ஒரு வேலைக்கே அந்த 35,000 தகும்.

பிறகு கணக்குக் கொப்பியளைக் கேட்டா. வீட்டுக் காசும் மில் காசும் ஒரே பாங்க் புத்தகத்திலை ஓடுது எண்டு கண்டதும், அதைப் பிரிக்காமல் தாங்கள் ஒருதருக்கும் என்னை அறிமுகப்படுத்த மாட்டம் எண்டு சொல்லிப்போட்டா. ரெண்டு மாசம் அதுக்கே போச்சுது. அப்ப எரிச்சலாத்தான் இருந்தது, இப்ப சொல்லுறன், அது சரி.

மூண்டு பேரைக் காட்டிச்சினம்.

முதலாவது கொழும்பிலை ஒரு விநியோகக் கம்பனி. அவைக்கு 51 வீதமும் எங்கட லேபலும் வேணுமாம். தங்கச்சி கம்பனிப் பதிவாளரின்ர இணையத்திலை தேடி, அவை வருசாவருசம் குடுக்க வேண்டிய விபரத்திரட்டு ஒழுங்கா இல்லை எண்டு காட்டினா. நாங்கள் ஒரு சந்திப்போடை விட்டுட்டம்.

ரெண்டாவது கனடாவிலை இருக்கிற ஒரு ஐயா. இதைப்பற்றித்தான் கொஞ்சம் விரிவா எழுதோணும், ஏனெண்டால் யாழ்ப்பாணத்திலை கனபேருக்கு இதுதான் வரும். அறுபது லட்சம் போடுறன், 30 வீதம் போதும் எண்டவர். எனக்கும் என்ர மனுசனுக்கும் சரியான சந்தோசம், 70 எங்கட கையிலைதானே. தங்கச்சி ஒரு கடதாசியை எடுத்து வைச்சு விளங்கப்படுத்தினா: கம்பனியாப் பங்கு பிரிச்சால், 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி பெரிய முடிவுகளுக்கு, கம்பனியின்ர யாப்பை மாத்திறது, சொத்திலை அரைவாசிக்கு மேல பெறுமதியான கொடுக்கல் வாங்கல் செய்யிறது, இப்படியானதுக்கு விசேட தீர்மானம் வேணும், அதுக்கு 75 வீத வாக்கு வேணும். 30 வச்சிருக்கிற ஆள் ஓம் எண்டு சொல்லாட்டில் 70 வச்சிருக்கிற நீங்கள் அந்த முடிவுகளிலை ஒண்டும் நகர்த்த ஏலாது. 25ஐத் தாண்டிக் குடுத்தாலே அது ஒரு பூட்டு எண்டா. அந்த ஐயா கெட்டவர் எண்டு சொல்லேல்லை, ஆனால் தெரிஞ்சுகொண்டு குடுக்கோணும். அதே நேரம் சின்னப் பங்குக்காரரும் அநாதை இல்லை, 5 வீதம் இருந்தாலே தங்களை நசுக்கினம், நிர்வாகம் சீர்கெட்டுது எண்டு கோட்டுக்குப் போகலாம், அதையும் சொல்லித்தான் விளங்கப்படுத்தினா.

காசு வாற வழியும் ஒரு பிரச்சினை. ஐயா உண்டியல் மூலம் (பாங்குக்குப் போகாமல் ஆள் வழியாக் கைமாத்திறது) அனுப்பிறன், சுகம், ரேட்டும் நல்லம் எண்டார். இஞ்சை எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம் எண்டு நானும் நினைச்சன். தங்கச்சி ஒரேயடியா ஏலாது எண்டிட்டா. 2017ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ வெளியிலை இருந்து முதலீட்டுக்கு வாற காசு பாங்கிலை உள்முக முதலீட்டுக் கணக்கு எண்டு ஒண்டு திறந்து அதுக்குள்ளாலை வரோணும், அப்பதான் நாளைக்கு அவர் லாபத்தையோ போட்ட முதலையோ வெளியிலை கொண்டுபோகலாம். உண்டியலிலை வந்தால் அவர் காசு போட்டதுக்கே சாட்சி இல்லை, அவருக்கும் பாதுகாப்பில்லை, எனக்கும் இல்லை. 2018இலை நான் பட்டது அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டுது.

இனி குறை. அந்த ஐயா மில் இருக்கிற காணியையும் கம்பனியின்ர பேருக்கு மாத்தச் சொன்னவர். ஓஃபிஸிலை இருக்கிற பெரியவரும் அது நல்லதுதான், கம்பனிக்குப் பெறுமதி கூடும் எண்டு என்னை ஊக்கினவர். வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் குறைவெண்டால் 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் தடுக்காது எண்டும் சொன்னவர், அது சரிதான். ஆனால் அந்தக் காணி எனக்கு அம்மாவாலை வந்த சீதனக் காணி, அதோடை அண்ணாவோடை இன்னும் பிரிக்காத பங்குக்காணி. நொத்தாரிசிட்டை உறுதியைக் கொண்டுபோக அவர் வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்து, "பிள்ளை, இது தேசவழமைக் காணி எண்டு உங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?" எண்டார். தேசவழமை எண்டது யாழ்ப்பாணத் தமிழருக்கு இருக்கிற வழமைச் சட்டம், அதின்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், 1911ஆம் ஆண்டுச் சட்டம். காணிப் பங்குக்காரருக்கு முதல் வாங்கிற உரிமை வேற இருக்கு, 1947ஆம் ஆண்டுச் சட்டம், அண்ணாவுக்கு முறையா அறிவிக்காமல் வெளியாளுக்குக் குடுத்தால் அவர் வழக்குப் போடலாம். யாழ்ப்பாணத்திலை ஓஃபிஸ் போட்டு இருந்துகொண்டு இதை முதல் நாளே கேக்காமல் விட்டது பெரிய பிழை. நான் அதை அவையின்ர முகத்துக்கு நேரையே சொன்னனான். தங்கச்சி ஒத்துக்கொண்டா, இப்ப முதல் நாள் கேள்விக் கடதாசியிலை காணி உறுதி பற்றியும் சேர்த்திருக்கினமாம்.

அந்தப் பெரியவர் ஏன் அப்பிடி ஊக்கினவர் எண்டது பேந்துதான் விளங்கிச்சு. அவையின்ர கொமிசன் வாற காசிலை 3 வீதம். அறுபது லட்சத்துக்கு ஒரு லட்சத்து எண்பதினாயிரம். நான் கடைசியிலை சேர்ந்த ஆள் போட்டது பதினெட்டு லட்சம், அதுக்கு வெறும் 54,000. பெரிய தொகை வந்தால் அவைக்கும் பெருசு, அந்த நேரம் புத்தி சொல்லுற வாயும் அந்தப் பக்கம்தான் சாயும். ஆளைக் குறை சொல்லேல்லை, அந்தக் கணக்கு அப்பிடி.

மூண்டாவது, இப்ப என்ர பங்காளி, கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கத்துத் தம்பி. தானும் மிளகாய் செய்யிறார், சுத்துவட்டாரத்திலை முப்பது பேரளவிலை செய்யிறவையிட்டைச் சேர்த்தும் எடுக்கிறார். பதினெட்டு லட்சம், 20 வீதம். பங்கு எழுத முதல் மூண்டு மாசம் சும்மா சரக்கு மட்டும் குடுத்து வேண்டிப் பாருங்கோ எண்டு தங்கச்சி சொன்னது இந்த முழு விசயத்திலையும் பெறுமதியான யோசினை. முந்நூறு கிலோ எடுத்தம். ரெண்டாம் தடவை ஈரம் கூடின சாக்கு ரெண்டு வந்தது, நான் சொல்ல முதலே தம்பி ஃபோன் எடுத்து, "அக்கா, அந்த ரெண்டு சாக்கும் மழைக்குள்ளை நனைஞ்சது, காசு வெட்டுங்கோ" எண்டார். எனக்கு அதுக்கு மேல ஒருதற்ற சான்றிதழும் தேவைப்படேல்லை.

அக்ரிமென்ட் எழுதேக்கை ரெண்டு இடத்திலை மினக்கெட்டம். ஒண்டு, தம்பி பங்காளி, அதே நேரம் எனக்குச் சரக்கு விக்கிறவரும் அவர்தான். விலை கூடினால் மில்லுக்கு நட்டம், அவருக்கு லாபம், இது பிறகு கட்டாயம் கொழுவலாக வரும். அதாலை அந்தக் கிழமை கிளிநொச்சிச் சந்தை விலையின்ர சராசரிதான் விலை எண்டு எழுதினம், ஈரம் பாக்கிற மெசின் மில்லிலை இருக்கும், ரெண்டு பேரும் பாத்துத்தான் நிறுக்கிறது. மற்றது, பிரிய வேண்டி வந்தால் என்ன செய்யிறது எண்டது. நல்ல நேரத்திலை ஏன் அந்தக் கதை எண்டு என்ர மனுசன் கூட முகம் சுழிச்சவர். ஆனால் தங்கச்சி விடேல்லை, சண்டை வந்த பிறகு இந்தக் கடதாசியை எழுத ஏலாது எண்டா. ஆர் விலகினாலும் மற்ற ஆளுக்குத்தான் முதல் கேக்கோணும், பெறுமதி கணக்காளர் பாத்துச் சொல்லுறது, வறுக்கிற மெசின் கம்பனிக்கு. லேபல் மட்டும் என்ர பேரிலை, அது அம்மான்ர கைப்பக்குவம், வியாபாரக் குறியாப் பதிய விண்ணப்பம் போட்டிருக்கிறன், பதிஞ்சால் பத்து வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கலாம், கம்பனி அதைப் பாவிக்க மட்டும் அனுமதி. காணியை மாத்தேல்லை, கம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்தது, என்ர மனுசனும் அண்ணாவும் கையெழுத்து வைச்சவை.

மெசின் ஆடி மாசம் வந்து இறங்கினது. இப்ப நாளைக்கு நூற்றிருபது கிலோ போகுது, நிறம் ஒரே மாதிரி, பிள்ளையள் புகைக்குள்ளை நிக்கிறேல்லை.

அஞ்சுக்கு எவ்வளவு எண்டு கேட்டால் தங்கச்சிக்கு அஞ்சு, ஓஃபிஸுக்கு மூண்டரை. போறவை கணக்குக் கொப்பியும் காணி உறுதியின்ர பிரதியும் கொண்டு போங்கோ, சனிக்கிழமை போனால் ஆறுதலாக் கதைக்கலாம். 3 வீதக் கொமிசனுக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ, ஆரைச் சேர்த்தாலும் ஒரே தொகை எண்டு முதலே பேசுங்கோ. நான் கடைசி நேரத்திலை கேட்டு 60,000 எண்டு மாத்தினனான், 54,000ஐ விட ஆறாயிரம் கூடத்தான், ஆனாலும் விரும்பித்தான் குடுத்தனான், இனி வாற ஆக்களுக்கும் அந்தக் கணக்கிலை செய்யச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.