டிரங்குப் பெட்டியில் வரும் நூலகம்

ஜூன் விடுமுறைக்கு மகளோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து தஞ்சாவூர், வடுவூர் வழியாக மன்னார்குடிக்குக் கார். மேட்டூர் திறந்து கல்லணையிலும் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. டீக்கடையில் அது எங்கே வருகிறது என்பதுதான் பேச்சு.

வீட்டு வரி, வங்கியில் கேஒய்சி என்று எப்போதும் உள்ள வேலைகள் இருந்தன. அவை முடிந்தன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத நினைத்தது எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் புத்தக வேலை செய்துகொண்டிருக்கும் ஆசிரியர்களைப் பற்றி. பன்னிரண்டு பேர். பத்துப் பேர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலையில் இருப்பவர்கள், இரண்டு பேர் ஓய்வு பெற்றவர்கள். தங்கள் பெயரும் பள்ளிகளின் பெயரும் வேண்டாம் என்றார்கள். அப்படியே எழுதுகிறேன்.

இவர்களிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வந்தபோது, மகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். நல்ல கெட்டி அட்டை, வழவழப்பான தாள், படமெல்லாம் அவ்வளவு அழகு. சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். இந்தத் தடவை போய்ப் பார்த்தால், எல்லாம் பீரோவுக்குள் அடுக்கியபடி அப்படியே இருந்தன. ஒன்றிரண்டில் கரையான் ஏறியிருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும்தான்.

அந்தக் கோபத்தை என் சித்தி மகளிடம் கொட்டினேன். அவள் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப அரசு கொண்டுவந்த திட்டம் அது. மாலையில் ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அக்கா, நீ சனிக்கிழமை என்கூட வா. ஒரு சார் இருக்காரு, அவர்கிட்ட இதைச் சொல்லு” என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்குப் போனோம். ஒரு எக்ஸ்எல் வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டிய தகரப் பெட்டி, அந்தக் காலத்தில் ஹாஸ்டலுக்குப் போகும் பையன்கள் தலையில் தூக்கிப் போவார்களே, அதே டிரங்குப் பெட்டி. ஓட்டி வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுபதை நெருங்குகிறவர். அவர் இறங்குவதற்குள் நாலு பிள்ளைகள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

பெட்டிக்குள் அறுபது புத்தகம். எல்லாம் ஒல்லியானவை, பதினாறு பக்கம், இருபத்து நாலு பக்கம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களின் நகல்கள் கொஞ்சம், பாரதி புத்தகாலயம், பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டவை கொஞ்சம், சிறுவர் அறிவியல் இதழான துளிரின் பழைய பிரதிகள் ஒரு கட்டு. கூடவே ஒரு நோட்டு, ஒரு கத்திரிக்கோல், பசை டப்பா, ஊசி நூல், பழைய சேலையில் கிழித்த பட்டைத் துணி. துணி எதற்கு என்று கேட்டேன். “முதுகு கிழிஞ்சா ஒட்டுறதுக்கும்மா. டேப்பு வெயில்ல உரிஞ்சுடும். பருத்தித் துணியில பசை போட்டு ஒட்டினா ரெண்டு வருஷம் நிக்கும்.” அன்று ஒட்டியது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கிழித்தவர்களே ஒட்ட வேண்டும் என்பது விதி. அபராதம் கிடையாது, திட்டு கிடையாது.

பீரோ விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தத் தலைமையாசிரியரைக் குறை சொல்லவில்லை. “அந்தம்மா மேல கோவப்படாதீங்க. நீங்க கொடுத்ததை அவங்க இருப்புப் பதிவேட்டுல ஏத்தியிருப்பாங்க. ஏத்தித்தான் ஆகணும். அப்புறம் ஒரு புத்தகம் காணாமப் போனா யார் பதில் சொல்றது? ஆடிட்டுல கேப்பான். பூட்டி வச்சா எல்லாம் இருக்கும்.” அவரே பணியில் இருந்தபோது பல வருடம் அப்படிப் பூட்டி வைத்தவர்தானாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் இந்தக் குழுவின் புத்தகங்கள் எதுவும் பள்ளியின் பதிவேட்டில் ஏறுவதில்லை. பெட்டி குழுவுடையது. இரண்டு வாரம் ஒரு பள்ளியில் இருக்கும், பிறகு அடுத்த பள்ளிக்குப் போகும். ஆறு பெட்டி, ஆறு ஊர். கிழியும், நனையும், இரண்டு மூன்று தொலையும். தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்வது. எந்த ஆசிரியருக்கும் அதில் பயம் இல்லை. என் பதினெட்டுக் கிலோ புத்தகத்தை விட இந்த ஒரு ஏற்பாடு எத்தனை பெரிய உதவி என்று அந்த மண்டபத்தில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது.

சார் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, மன்னார்குடிக்காரியாக இருந்தும். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் நடத்தியிருக்கிறார். வண்டி கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கியிருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்த முயற்சிக்குத் துணை நின்றவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். அதில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பிறகு 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நான் அந்த வாரம் கட்டிய வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருந்ததே, அந்தச் சட்டத்தால் வந்ததுதான். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. இத்தனை வருடம் கட்டியிருக்கிறோம், எதற்கென்று யோசித்ததில்லை.

அந்த வரியில் நடக்கிற எங்கள் ஊர் நூலகத்துக்கும் போனேன். நூலகர் நல்லவர், ஆனால் பொறுப்பு இரண்டு நூலகத்துக்கு. முதல் நாள் பூட்டியிருந்தது, மறுநாள் திறந்திருந்தது. 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தேன். ஊருக்கு வருகிற எல்லோரும் இதைச் செய்யலாம், பத்து நிமிட வேலை, ரசீது உண்டு.

சரி, மண்டபத்துக்கே வருகிறேன். அங்கே நடப்பது பாடம் இல்லை. பிள்ளைகள் பெட்டியிலிருந்து பிடித்ததை எடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டு வேறு எடுக்கிறார்கள். வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி இருக்கிறது. எந்த வகுப்புக்கு என்று அட்டையில் இல்லாததால் ஏழாம் வகுப்புப் பையன் ‘நுழை’ புத்தகத்தை எடுத்தாலும் யாரும் சிரிப்பதில்லை. இரண்டு டீச்சர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்கிற பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன். புத்தகத்தை மடியில் வைத்து விரலை எழுத்தின் அடியில் வைத்தாள். “கு… ரு… வி… கூ… ட்… டு… க்… கு…” ஒவ்வொரு எழுத்தும் சரி, ஆனால் சொல் வரவில்லை. எனக்கு வாய் பரபரத்தது, சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று. எதிரில் இருந்த டீச்சர் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றார். குழந்தை மறுபடி தொடங்கினாள். மூன்றாவது தடவை விரல் நின்றது, கண் படத்துக்குப் போனது, திரும்பி வந்தது. “குருவி… கூட்டுக்கு! குருவி கூட்டுக்கு வந்துச்சு!” புத்தகத்தில் ‘வந்தது’ என்றுதான் இருந்தது. அவள் ‘வந்துச்சு’ என்று படித்தாள். டீச்சர் திருத்தவில்லை. பிறகு நான் கேட்டதற்கு, “எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவ ‘வந்தது’ன்னுதான் படிப்பா. அர்த்தம் புரிஞ்சவதான் ‘வந்துச்சு’ம்பா. இப்போதைக்கு அது போதும் எனக்கு” என்றார்.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2004 முதல் நடத்தும் கிட்ஸ்ரீட் திட்டத்தில் நானும் சில காலம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். குளிரூட்டிய அறை, பயிற்சி, கையேடு எல்லாம் உண்டு. இந்த ஒரு வாக்கியம் மட்டும் அப்போது என் காதில் விழுந்திருந்தால் எத்தனை பிள்ளைகளைத் தேவையில்லாமல் திருத்தாமல் இருந்திருப்பேன்.

வார நாட்களில் இதற்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு, அதற்கு மேல் பதிவேடுகள், செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். விடை சமையல்கட்டிலிருந்து வந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் பிள்ளைகள் முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதற்கும் வழிபாட்டு மணி அடிப்பதற்கும் நடுவில் இருபது நிமிடம் இருக்கிறது. பெட்டியைத் திறப்பது அப்போதுதான். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தேன். கிச்சடி வாசனை இன்னும் போகவில்லை. வேப்ப மரத்தடியில் முப்பது பிள்ளைகள், சிலர் குப்புறப் படுத்து, சிலர் சுவரில் சாய்ந்து. ஒருவன் வாய்விட்டுப் படிக்க மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையோடு புத்தகத்தைத் தொட்டிருக்கிறார்கள், பக்கமெல்லாம் விரல் தடம். பெட்டியில் அழுக்காக இருக்கும் புத்தகம்தான் நல்ல புத்தகம், அதையே இன்னும் மூன்று பிரதி வாங்குவோம் என்றார் அங்கிருந்த டீச்சர். புத்தகம் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்களுக்காக, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பணம் வாங்குவதில்லை. பதிவு செய்த அமைப்பு இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. இதில் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் கொடுக்கும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடையாகத்தான் கருதப்படும், அதற்கென்று பதிவு பெற்ற அமைப்புகள் மட்டுமே வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வீட்டிலேயே ஒருவர் இப்படி ஒருவர் அப்படி என்று இருப்போம், கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கே கட்டடம், கழிப்பறை என்று செய்ய நினைத்தால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்று 2022 டிசம்பரிலிருந்து அரசின் ஏற்பாடு இருக்கிறது, அதில் உங்கள் பள்ளியையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

ஆங்கிலப் புத்தகம் வேண்டவே வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருப்பது நாலைந்து இருந்தால் போதும் என்றார்கள். பனிமனிதனும் கிறிஸ்துமஸ் புடிங்கும் வரும் கதையில் ஒரு பிள்ளை சொல்லைக் கூட்டிப் படித்துவிட்டாலும், அது என்னவென்று தெரியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். உழவு, வாய்க்கால், ஆட்டுக்குட்டி, சந்தை என்று தெரிந்த உலகம் இருந்தால் பாதிச் சொல்லைப் பிள்ளை தானே ஊகித்துவிடும். குருவியைப் படித்தவள் அப்படித்தான் படித்தாள்.

அதனால் தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடைக்கு அந்த டீச்சரையே அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தார். நான் ஆசையாக எடுத்த இரண்டு பெரிய புத்தகத்தை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, அந்த விலைக்குப் பத்துச் சிறிய புத்தகம் எடுத்தார். எழுத்து பெரியதா, வரிக்கு வரி இடைவெளி இருக்கிறதா, ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். பில் நான் கொடுத்தேன். ஏழாவது பெட்டிக்கு அது போதுமாம். பெட்டி மட்டும் வேண்டும். எங்கள் பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டி கிடந்தது. துரு தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, பள்ளித் தெருவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியின் உள்பக்கம் அப்பா பெயரும் வகுப்பும் வெள்ளை எழுத்தில் இருந்தன. அதன் மேல் பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை. சாரும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வயது. அங்கே பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறாள், தேர்வுக்கு எழுதுவாள், தானாக ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்ததில்லை. முதல் சனிக்கிழமை என் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது சனிக்கிழமை அந்த ஒற்றை ரிப்பன் பெண்ணோடு ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒரு வரி. இவளுக்கு ‘ழ’ வராதபோது அவள் நாக்கை மடித்துக் காட்டினாள். மூன்றாவது சனிக்கிழமை ஒரு ‘நட’ புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நோட்டில் தன் பெயரையும் தேதியையும் தானே எழுதினாள். ஊர் என்ற கட்டத்தில் ‘சிங்கப்பூர்’ என்று எழுதியதை எல்லாப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள்.

கிளம்புகிற நாள் வரை அவள் முடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது சார் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “முடிச்சுட்டு டிசம்பர்ல கொண்டா தாயீ. மழைக் காலம், பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டா.” புத்தகம் இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று இரவு பதினோராம் பக்கம்.