வெசலைக் கொடுத்துவிட்டு பிக்கப் எடுக்கலாமா?

டொரொண்டோ மச்சான் தன் ஹைபிரிட் எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு ஃபோர்ட் மாவெரிக் ஹைபிரிட் பிக்கப் எடுத்திருக்கிறார். "நீயும் மாத்தடாப்பா" என்று ஒரே கரைச்சல். கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையில் நிற்கும் என் பழைய ஹொண்டா வெசல் ஹைபிரிட்டைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன்.

வெசலின் நீளம் சுமார் 4.3 மீற்றர், மாவெரிக் 5 மீற்றரைத் தாண்டும். கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் எதிரே ஓர் ஓட்டோ வந்தாலே யாராவது ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

சுமை என்று வந்தால் பிக்கப்தான். நாலரை அடி தொட்டி, ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 680 கிலோ தாங்கும். பத்து மூட்டை சீமெந்தை யோசிக்காமல் போடலாம். ஆனால் நான் ஏற்றுவது புறக்கோட்டைத் துணிக்கட்டு. ஒரு மழைக்கே திறந்த தொட்டியில் எல்லாம் ஊறிவிடும். வெசலில் பெற்றோல் தாங்கி முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால், பின் சீற்றின் அடிப்பகுதியை மேலே மடக்கலாம். துணி உருளைகளை அந்த இடத்தில் நிமிர்த்தியே வைத்துவிடுவேன்.

எண்ணெய்ச் செலவில் இரண்டும் சிக்கனம்தான். காலி வீதி நெரிசலில்தான், பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட்டின் அருமை தெரியும். என்றாலும் வெசலின் 1.5 லீற்றர் எஞ்சின் எங்கே, மாவெரிக்கின் 2.5 லீற்றர் எங்கே! இங்கே இறக்குமதி வரியும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான்.

அதைவிட, மாவெரிக்கில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டியரிங்கோடு அது வருவதே இல்லை. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம், சரி. வெசல் இருக்கட்டும்; பாரம் கூடினால் ஒரு பட்டா லொறியைக் கூப்பிட்டால் போச்சு.