உப்புக்காற்றில் எட்டு மாதங்கள்: ஓர் இயர்பட்ஸ் மதிப்புரை

தங்கச்சிமடத்தில் வசித்துக்கொண்டு ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் எனக்கு, நாள்தோறும் மூன்று மணி நேரம் பேருந்திலேயே கழிகிறது. அந்த நேரத்துக்காகவே கடந்த வைகாசியில், அரண்மனைப் பகுதியில் உள்ள ஒரு கடையில் 1,899 ரூபாய் கொடுத்து இந்தக் கம்பியில்லா இயர்பட்ஸை வாங்கினேன். ஆனி, ஆடியின் கச்சான் காற்றையும் அதற்குப் பிறகு வந்த வாடையையும் அது பார்த்துவிட்டது. இப்போது தை மாதம். ஒலியின் தரம் பற்றி விரிவாக எழுத வேறு பலர் இருக்கிறார்கள். கடலோரத்தில் வசிப்பவர் கடைக்காரரிடம் முதலில் திறந்து காட்டச் சொல்ல வேண்டியது சார்ஜ் ஏற்றும் பெட்டியைத்தான் என்று நான் கருதுவதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

இதற்கு முன் வைத்திருந்த ஜோடி பதினோரு மாதங்களில் பயனற்றுப் போனது. இடப்பக்க இயர்பட் இரவு முழுவதும் பெட்டிக்குள் இருந்தும் காலையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். சில நாட்களில் மூடிய பெட்டிக்குள்ளிருந்தே கைப்பேசியுடன் இணைந்துகொள்ள, அம்மா அழைத்துப் பேசும் குரல் எனக்குக் கேட்காமலே போய்விடும். பேட்டரி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, இயர்பட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் உள்தொடுமுனைகளில் ஒன்றின் மேல், துலக்காத செம்புக் குடத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தொடுமுனை சரியாகத் தொடாததால், இயர்பட் உள்ளே வந்துவிட்டது என்பதைப் பெட்டி உணரவே இல்லை.

கடற்காற்று கொண்டுவரும் உப்பும் காதோர வியர்வையின் உப்பும் அந்த முனைகளில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் கரையோர இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமானது. அப்படி உருவாகும் உப்புநீர்ப் படலத்தின் வழியே மின்சாரம் பாயும்போது, தங்கப்பூச்சு தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்ட அதே காற்றில்தான், ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத இந்த முனைகளும் இருக்கின்றன.

ஆகவே இம்முறை, தொடுமுனைகள் சற்று அகலமாகவும் பஞ்சுக்குச்சி எட்டும் ஆழத்திலும் உள்ள பெட்டியைப் பார்த்து வாங்கினேன். காதிலிருந்து எடுத்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பிறகே உள்ளே வைக்கிறேன். வாரம் ஒருமுறை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் இயர்பட், பெட்டி இரண்டின் முனைகளையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே மூடுகிறேன். வீட்டில் இருக்கும்போது, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட சிறிய எவர்சில்வர் டப்பாவில் பெட்டியை வைக்கிறேன். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அரிசியின் மாவு ஒலித்துளைகளை அடைப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊக்கால் களிம்பைச் சுரண்டுவதோ அதைவிடக் கெடுதல், ஏனெனில் மிச்சமிருக்கும் பூச்சும் அதோடு போய்விடும். எட்டு மாதங்களுக்குப் பிறகும் இந்த ஜோடியின் முனைகள் பளபளப்பாக இருக்கின்றன.

பெட்டியோடு சேர்த்து 40 மணி நேரம் பாடும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இயர்பட்டிலும் 45 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியும் பெட்டியில் 420 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியும் இருக்கின்றன. பெட்டியிலிருந்து இயர்பட்டுக்கு மின்சாரம் மாறும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால், பெட்டியால் இரண்டையும் நான்கு முறை முழுமையாக நிரப்ப முடியாது. 60 சதவீத ஒலியளவில் எனக்குக் கிடைத்தது ஒரு சார்ஜுக்கு ஆறு மணி நேரம், பெட்டியோடு சேர்த்து 28 மணி நேரத்தை ஒட்டி. இன்று அந்த ஆறு, ஐந்தரை ஆகியிருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி முழுச் சார்ஜிலேயே வெப்பத்தில் கிடந்தால் விரைவில் மூப்படையும் என்பதால், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் இதை ஒருபோதும் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றினால் வாரம் ஓடிவிடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் சிரமமில்லை.

ஒரு குறையை உறுதியாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் இருப்பது டைப்-சி துளைதான் என்றாலும், இருபுறமும் டைப்-சி முனை கொண்ட கேபிளில் இது சார்ஜ் ஏறுவதில்லை. அந்த வகை கேபிள் வழியே மின்சாரம் பெற, கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். சில்லறைச் செலவை மிச்சப்படுத்த அவற்றை விட்டுவிடுகிற தயாரிப்புகளிலேயே இந்தக் கோளாறு தோன்றும். பழைய அகல முனை சார்ஜரில் எந்தத் தடையும் இல்லாமல் ஏறுகிறது. வாங்கியவர்கள் பெட்டி கெட்டுப்போனதாக எண்ணித் திருப்பிக் கொடுக்குமுன், கேபிளை மாற்றிப் பார்க்கட்டும்.

இரைச்சல் குறைக்கும் வசதி பேருந்து எஞ்சினின் ஒரே சீரான உறுமலை நன்றாக அடக்குகிறது. ஒலியை உயர்த்தாமலே கேட்க முடிகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பதை நினைத்தால், நீண்ட பயணம் செய்பவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் சன்னல் திறந்திருந்தால் நிலைமை தலைகீழாகிறது. வெளிப்புற மைக்கில் காற்று நேராக மோதுவதால், அந்த வசதியே புதிய இரைச்சலைக் காதுக்குள் கொண்டுவருகிறது. பாலம் கடக்கும்வரை அதை அணைத்துவிடுகிறேன். அந்த இடத்தில் அழைப்பில் பேசுவதும் வீண். எதிர்முனையில் இருப்பவருக்குக் கச்சான் மட்டுமே கேட்கும்.

அட்டையில் உள்ள ஐபிஎக்ஸ்5 என்ற நீர்த்தடுப்புக் குறியை நம்பிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விவரம். அந்தச் சோதனை நன்னீரைப் பீய்ச்சி நடத்தப்படுவது. உப்புநீருக்கு அது பொருந்தாது. மேலும் இந்தத் தயாரிப்பில் அந்தக் குறி இயர்பட்களுக்கு மட்டுமே உரியது, பெட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் சொல்லப்படவில்லை. என் பழைய ஜோடியை மதுரையில் உள்ள பழுதுநீக்கும் மையத்துக்கு அனுப்பியபோது, உத்தரவாதக் காலம் முடிய ஒரு மாதம் இருந்தும், ஈரத்தால் வந்த சேதம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதனால் இம்முறை பணம் கொடுப்பதற்கு முன்பே பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டேன். 650 ரூபாய் என்று கடைக்காரர் ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.